குழந்தையின்மை: சத்தமில்லாத தொற்றும் தேவையில்லாத ஊசியும்

'கல்யாணமாகி மூணு வருஷம் ஆச்சு... இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லையா?'

இந்தக் கேள்வியைத் தாண்டி வராத மருமகள்கள் நம் ஊரில் குறைவு. கேட்பவர்களே காரணத்தையும் கையோடு கொண்டுவந்திருப்பார்கள். உடம்புச் சூடு என்பார் ஒருவர். கர்ப்பப்பையில் பூச்சி என்பார் இன்னொருவர். ஜாதகத்தில் நாகதோஷம் என்று மூன்றாமவர் முடித்து வைப்பார். மருத்துவமனைக்குப் போனால் அங்கே வேறு வார்த்தைகள் காத்திருக்கும். 'டியூப் பிளாக்', 'இன்ஃபெக்‌ஷன்', 'டார்ச் பாசிட்டிவ்', 'உங்க உடம்பே கருவை ஏத்துக்க மாட்டேங்குது'.

ரிப்போர்ட்டைக் கையில் வாங்கும் பெண்ணுக்கு இதில் எது உண்மையான பிரச்னை, எதற்கு உடனே சிகிச்சை வேண்டும், எதைக் கண்டுகொள்ளாமல் விடலாம் என்று புரிவதில்லை. அந்தக் குழப்பத்தில் சேமிப்பு கரைகிறது. நகை அடகுக்குப் போகிறது. வயதும் ஏறிக்கொண்டே போகிறது.

குழந்தையின்மை அரிதான பிரச்னை இல்லை. உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையாவது இந்தப் பிரச்னையைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. ஆண், பெண் இருவரையும் சேர்த்த கணக்கு இது. காரணங்கள் பல. அவற்றில் தொற்றும், நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கோளாறும்தான் பெண்களிடம் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுபவை. கவனிக்க வேண்டிய தொற்றைக் கோட்டைவிடுகிறோம். கவனிக்கத் தேவையில்லாத ரிப்போர்ட்டுக்குப் பயந்து சாகிறோம்.

பத்து சென்டிமீட்டர் பாதை

கர்ப்பப்பையின் இரு பக்கமும் கைகளை நீட்டியதுபோல இரண்டு குழாய்கள் இருக்கின்றன. கருக்குழாய்கள். ஒவ்வொன்றும் சுமார் 10 சென்டிமீட்டர் நீளம். கர்ப்பப்பையை ஒட்டிய இடத்தில் உள்துவாரம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. சினைப்பையிலிருந்து வெளியேறும் முட்டையை இந்தக் குழாயின் விரல் போன்ற நுனி லாகவமாக வாரி எடுத்துக்கொள்கிறது. விந்தணு வந்து முட்டையோடு சேர்வதும் குழாய்க்குள்தான். உருவான கரு மூன்று, நான்கு நாள் அங்கேயே வளர்ந்துவிட்டுத்தான் கர்ப்பப்பைக்கு வந்து சேர்கிறது.

அதைத் தள்ளிக்கொண்டு வருவது எது? குழாயின் உள்சுவர் முழுக்க இருக்கும், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மயிரிழைகள். காற்றில் நெற்பயிர் அசைவதுபோல அவை ஒரே திசையில் அசைந்து கருவை நகர்த்துகின்றன. தொற்று வந்தால் முதலில் பாதிக்கப்படுவது இந்த இழைகள்தான். புண் ஆறும்போது தழும்பு விழுகிறது. குழாய் சுருங்குகிறது, ஒட்டிக்கொள்கிறது, சிலருக்கு நுனி மூடி நீர் கோத்துக்கொள்கிறது. அடைப்பு முழுதாக இல்லாமல் பாதி வழி திறந்திருந்தாலும் ஆபத்துதான். கரு பாதி தூரம் வந்து அங்கேயே ஒட்டி வளர ஆரம்பித்துவிடும். 'டியூபில் கர்ப்பம்' என்று அவசரமாக ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோகிறார்களே, அது பெரும்பாலும் இப்படி உருவாவதுதான்.

இத்தனையும் நடக்கும்போது அந்தப் பெண்ணுக்குப் பெரிய வலியோ காய்ச்சலோ இருந்தாக வேண்டும் என்பதில்லை. மாதவிலக்குகூட ஒழுங்காக வந்துகொண்டிருக்கலாம். கர்ப்பப்பை ஸ்கேன் 'நார்மல்' என்றே வரலாம், ஏனென்றால் நீர் கோத்து வீங்காத குழாய் சாதாரண ஸ்கேனில் தெரியாது.

இருமாத காசநோய்

மேலை நாடுகளில் கருக்குழாய் அடைப்பு என்றால் முதலில் பால்வினைத் தொற்றைத்தான் தேடுவார்கள். இந்தியாவில் அதோடு இன்னொன்றையும் தேடியாக வேண்டும். காசநோய். 

'எனக்கு இருமலே வந்ததில்லையே, டி.பி. எப்படி?' என்று அதிர்ச்சியாகக் கேட்பார்கள். காசநோய்க் கிருமி காற்று வழியாக நுரையீரலுக்குள்தான் முதலில் போகிறது. பலருக்கு அங்கே எந்தத் தொந்தரவும் கொடுக்காமல் அடங்கிவிடுகிறது. அப்போதே ரத்தத்தில் கலந்து கொஞ்சம் கிருமிகள் வேறு உறுப்புகளுக்கும் போய்ப் பதுங்கிக்கொள்ளும். எலும்பு, சிறுநீரகம், நிணநீர்க்கட்டி, கருக்குழாய். பள்ளிக்கூட வயதில் உள்ளே வந்த கிருமி, திருமண வயதில் கருக்குழாயில் தலைதூக்கலாம். பிறப்புறுப்புக் காசநோய் வந்த பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்குக் கருக்குழாய் பாதிக்கப்பட்டிருக்கும், அதுவும் பெரும்பாலும் இரண்டு பக்கமும். ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கர்ப்பப்பையின் உள்வரிச் சவ்வும் பாதிக்கப்படும். மார்பு எக்ஸ்ரே எடுத்தால் பலருக்குச் சுத்தமாக இருக்கும்.

குழந்தை இல்லை என்று பரிசோதிக்க வரும்போதுதான் பலருக்கு இது முதன்முதலாகத் தெரியவருகிறது. அதற்கு முன் ஏதாவது அறிகுறி இருந்திருந்தால் அது இப்படி இருந்திருக்கும்: மாதவிலக்கு ரத்தப்போக்கு வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வந்திருக்கும். ஐந்து நாள் இருந்தது இரண்டு நாளாகி, பிறகு வெறும் கறையாக நின்றுவிடும். அடிவயிற்றில் விட்டுவிட்டு ஒரு மந்தமான வலி. சிலருக்கு மாலை நேரத்தில் லேசான காய்ச்சல், எடைக் குறைவு. 'போக்கு கம்மியா இருக்கிறதும் நல்லதுதானே' என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். குழந்தைக்காக முயற்சி செய்யும் பெண்ணுக்கு அது அப்படி விட்டுவிடக்கூடிய விஷயம் இல்லை. சிறு வயதில் டி.பி.க்கு மருந்து சாப்பிட்டிருந்தாலோ, வீட்டில் தாத்தாவுக்கோ அப்பாவுக்கோ டி.பி. இருந்திருந்தாலோ மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிட வேண்டும்.

கண்டுபிடிப்பதுதான் சிரமமான பகுதி. நுரையீரல் காசநோய்க்குச் சளியில் கிருமியைப் பார்த்துவிடலாம். இங்கே கர்ப்பப்பையின் உள்சவ்விலிருந்து துளி திசுவை எடுத்து மூன்று விதமாகச் சோதிக்க வேண்டும். நுண்ணோக்கியில் பார்ப்பது ஒன்று. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் இன்னொன்று, இதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மூன்றாவது, அரசு காசநோய் மையங்களில் செய்யப்படும் 'சிபிநாட்' எனும் மரபணுச் சோதனை. இந்தச் சோதனை பாசிட்டிவ் வந்தால் நம்பலாம். நெகட்டிவ் வந்தால் டி.பி. இல்லை என்று அடித்துச் சொல்லிவிட முடியாது, ஏனென்றால் இந்த வகைக் காசநோயில் கிருமிகளின் எண்ணிக்கை மிகக் குறைவு. சந்தேகம் வலுவாக இருந்தால் லேப்ராஸ்கோபி மூலம் நேரடியாகப் பார்ப்பார்கள். குழாயில் மணி கோத்ததுபோல முடிச்சுகள், அரிசி மணி போன்ற வெள்ளைக் கொப்புளங்கள், உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடப்பது ஆகியவை காட்டிக்கொடுத்துவிடும்.

இங்கே இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. டி.பி.யை நினைத்தே பார்க்காமல் வருடக்கணக்கில் மாத்திரையும் ஊசியுமாகப் போடுவது ஒரு பக்கம். மறுபக்கம், தனியார் லேப்பில் 'டி.பி. பி.சி.ஆர். பாசிட்டிவ்' என்று வந்த ஒற்றைத் தாளை வைத்துக்கொண்டு, வேறு எந்த ஆதாரமும் இல்லாமல் ஆறு மாத மருந்தை ஆரம்பித்துவிடுவது. இறந்துபோன கிருமியின் துணுக்கு இருந்தாலும், லேப்பில் கலப்படம் நேர்ந்தாலும் இந்தச் சோதனை பாசிட்டிவ் காட்டும். தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் மான்டூ சோதனையும் அப்படித்தான். கிருமி எப்போதோ உடம்புக்குள் வந்திருக்கிறது என்று மட்டுமே அது சொல்லும். இந்தியாவில் பெரியவர்களில் கணிசமானவர்களுக்கு அது பாசிட்டிவாகவே வரும். ரத்தத்தில் டி.பி. ஆன்டிபாடியைத் தேடும் சோதனைகளை மத்திய அரசு 2012-லேயே தடை செய்துவிட்டது. யாராவது எழுதிக்கொடுத்தால் ஏன் என்று தாராளமாகக் கேட்கலாம்.

உறுதியானால் சிகிச்சை ஆறு மாதம். பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். நிக்‌ஷய் திட்டத்தில் பதிவு செய்தால் சத்துணவுக்கென்று மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். 2018-ல் 500 ரூபாயாக ஆரம்பித்தது, 2024 நவம்பரில் இரட்டிப்பானது. மருந்து ஆரம்பித்ததும் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். அது மருந்தின் நிறம்தான், பயப்பட வேண்டாம். இந்தக் காலத்தில் கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். இதற்குக் கொடுக்கப்படும் ரிஃபாம்பிசின் மருந்து கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும் என்பதால் ஆணுறையே நல்லது.

இன்னொரு முக்கியமான விஷயம். 'டி.பி.' என்ற வார்த்தை வெளியே தெரிந்தால் மாமியார் வீட்டில் தனித் தட்டு, தனித் தம்ளர் வைத்துவிடுவார்களோ என்ற பயம் பல பெண்களுக்கு உண்டு. நுரையீரலில் நோய் இல்லாத பெண் பேசுவதாலோ, சமைப்பதாலோ, குழந்தையைத் தூக்குவதாலோ இந்தக் காசநோய் பரவாது. நுரையீரல் காசநோயாளிகளையே ஒதுக்கிவைக்கத் தேவையில்லை என்று உலகுக்குச் சொன்னது நம் சென்னைதான். டேவிட் சௌரிமுத்து 1928-ல் தாம்பரத்தில் ஆரம்பித்தது போன்ற சானடோரியங்களில் மாதக்கணக்கில் தங்கித்தான் குணமாக வேண்டும் என்று நம்பப்பட்ட காலத்தில், 1956-ல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம் ஒரு பரிசோதனையில் இறங்கியது. பாதி நோயாளிகளுக்குச் சானடோரியத்தில் சிகிச்சை, பாதிப் பேருக்கு அவரவர் வீட்டிலேயே. குறுகிய வீடு, சத்துக் குறைவான சாப்பாடு என்றிருந்தாலும் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டவர்கள் வீட்டிலும் குணமானார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு அதனால் தொற்று அதிகமாகவும் இல்லை. 1959-ல் வெளியான அந்த முடிவு உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சையை மாற்றியது. சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அந்த மையம்தான்.

மருந்து கிருமியைக் கொல்லும். விழுந்த தழும்பை அழிக்காது. நோய் ஆரம்பத்திலேயே பிடிபட்டால் இயற்கையாகக் கருத்தரிப்பவர்கள் உண்டு. குழாய் இரண்டும் அடைத்துவிட்டிருந்தால், உள்சவ்வு நன்றாக இருக்கும் பட்சத்தில் ஐ.வி.எஃப். கைகொடுக்கும். உள்சவ்வே அழிந்து கர்ப்பப்பைச் சுவர்கள் ஒட்டிக்கொண்டுவிட்டால் அதுவும் கடினம். பிறப்புறுப்புக் காசநோயில் தாமதத்துக்கு இவ்வளவு பெரிய விலை இருப்பதால்தான், 'போக்கு குறைகிறது' என்ற சின்ன அறிகுறிக்கு இத்தனை அழுத்தம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

சொல்லக் கூசும் தொற்றுகள்

கிளமிடியா என்ற பாக்டீரியாவின் பெயரை நம் ஊரில் கேள்விப்பட்டவர்கள் குறைவு. ஆனால், 2020-ல் மட்டும் உலகம் முழுக்க 15 முதல் 49 வயதுக்குள் சுமார் 12.9 கோடிப் புதிய தொற்றுகள் ஏற்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. உடலுறவு மூலம் பரவும். பெண்களில் பெரும்பாலானவர்களுக்கு அறிகுறியே இருக்காது. இருந்தாலும் லேசான வெள்ளைப்படுதல், உறவுக்குப் பின் துளி ரத்தம் என்ற அளவில்தான். கவனிக்காமல் விட்டால் கர்ப்பப்பை வாயிலிருந்து மேலேறிக் கருக்குழாய்க்குப் போய்விடும். கொனோரியாவும் இதே வழியில் போகும், கொஞ்சம் ஆர்ப்பாட்டமாக.

ஒருமுறை தொற்று குழாய்வரை போனால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்வீடனின் லுண்ட் நகரில் 1960 முதல் 1984 வரை நடந்த ஆய்வை இன்றும் மருத்துவர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள். லேப்ராஸ்கோபியில் உறுதிசெய்யப்பட்ட கருக்குழாய் அழற்சி ஒருமுறை வந்த பெண்களில் 8 சதவிகிதம் பேருக்குக் குழாய்ப் பாதிப்பால் குழந்தையில்லாமல் போனது. இரண்டுமுறை வந்தவர்களில் அது சுமார் 20 சதவிகிதம். மூன்றும் அதற்கு மேலும் என்றால் 40 சதவிகிதம். ஒவ்வொரு முறையும் ஆபத்து இரட்டிப்பாகிறது.

ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? மனைவி மட்டும் மாத்திரை சாப்பிடுவதால். கணவருக்கு எந்தத் தொந்தரவும் இல்லாததால் அவர் சாப்பிட மாட்டார். ஒரு வாரத்தில் குணமாகும் பெண்ணுக்கு, அடுத்த வாரமே அதே தொற்று திரும்பக் கிடைக்கும். கிளமிடியாவுக்கான சிகிச்சை, காலை மாலை என ஏழு நாள் டாக்ஸிசைக்ளின் மாத்திரை. கர்ப்பிணிகளுக்கு மட்டும் வேறு மருந்து. இருவரும் ஒரே நேரத்தில் முடிக்கும்வரை உறவைத் தவிர்க்க வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தைக் கணவரிடம் சொல்ல முடியாமல் எத்தனையோ பெண்கள் தவிக்கிறார்கள். மருத்துவரிடம் கணவரையும் அழைத்துப்போய் அவர் வாயாலேயே சொல்லச் சொல்வது உத்தமம். இந்தத் தொற்று அறிகுறியில்லாமல் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில்கூட உடம்பில் இருக்கக்கூடியது. ஆகவே, யார் யாருக்குத் துரோகம் செய்தார்கள் என்று தீர்ப்பெழுத லேப் ரிப்போர்ட்டைப் பயன்படுத்த முடியாது.

மாவட்ட அரசு மருத்துவமனைகளில் பால்வினைத் தொற்றுக்கென்று 'சுகவாழ்வு மையம்' இருக்கிறது. சிகிச்சை இலவசம், ரகசியம் காக்கப்படும். எந்த வகைத் தொற்று என்பதைப் பொறுத்து மருந்துகள் வெவ்வேறு நிறப் பொட்டலமாகத் தரப்படும். அடிவயிற்று வலியோடு கூடிய இடுப்புக்குழித் தொற்றுக்கு மஞ்சள் நிறம்.

வெள்ளைப்படுதல் என்றதுமே பதறவும் வேண்டாம். மாதவிலக்குகளுக்கு நடுவில், முட்டை வெளியாகும் நாள்களில் முட்டை வெண்கருபோல வழவழப்பாக வருவது இயல்பு. அது நல்ல அறிகுறியும்கூட. தயிர்போலத் திரிந்து, அரிப்போடு வந்தால் பூஞ்சைத் தொற்று. தொல்லைதான், ஆனால் அது கருக்குழாயை அடைக்காது. மீன் நாற்றம், மஞ்சள் பச்சை நிறம், அடிவயிற்று வலி, காய்ச்சல், உறவின்போது உள்ளே வலி ஆகியவை இருந்தால் காத்திருக்கக் கூடாது. பிறப்புறுப்புக்கு உள்ளே தண்ணீரோ வாசனைத் திரவமோ பீய்ச்சிக் கழுவுவது சுத்தம் இல்லை. அங்கே காவலுக்கு இருக்கும் நல்ல பாக்டீரியாக்களைத்தான் அது அடித்துப்போகும்.

கருக்கலைப்புக்கு மெடிக்கல் ஷாப்பில் தாமாக மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு, மிச்சம் உள்ளே தங்கித் தொற்றாகிக் குழாயை இழந்தவர்களும் உண்டு. சட்டப்படி மருத்துவமனையில் செய்துகொள்ள வழி இருக்கும்போது இந்த ஆபத்து தேவையே இல்லை.

உடம்பே எதிரியாகுமா?

இனி, இரண்டாவது குழப்பத்துக்கு வருவோம். நோய் எதிர்ப்பு மண்டலம் தன்னுடையது அல்லாத எதையும் விரட்டும். வயிற்றில் வளரும் குழந்தையிலோ பாதி அப்பாவுடையது. அப்படியிருக்க, தாயின் உடம்பு ஏன் அதை விரட்டுவதில்லை? பீட்டர் மெடவார் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி 1953-ல் எழுப்பிய கேள்வி இது. விடை இன்னும் முழுதாகக் கிடைக்கவில்லை. விடை கிடைக்காத இந்த இடைவெளியில்தான் பல விலையுயர்ந்த ஊசிகள் நுழைந்திருக்கின்றன.

உண்மையில் சிகிச்சை பலன் தரும் நோய் ஒன்று இங்கே உண்டு. ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம். வாய்க்குள் நுழையாத பெயர்தான். உடம்பு தன் சொந்த செல்களின் கொழுப்புப் பொருளுக்கு எதிராகவே ஆன்டிபாடிகளைத் தயாரிக்கும். ரத்தம் எளிதில் உறையும். நஞ்சுக்கொடியும் பாதிக்கப்படும். கரு உருவாகும், ஆனால் நிலைக்காது. தொடர்ந்து கரு கலைபவர்களுக்கு, அல்லது பத்து வாரத்துக்குப் பிறகு காரணமில்லாமல் குழந்தை வயிற்றிலேயே இறந்தவர்களுக்கு இதற்கான ரத்தப் பரிசோதனை அவசியம். ஒருமுறை பாசிட்டிவ் வந்தால் போதாது, 12 வாரம் கழித்துத் திரும்பவும் வர வேண்டும். சிகிச்சை வியக்கத்தக்க எளிமையானது. குறைந்த அளவு ஆஸ்பிரினும், ஹெப்பாரின் ஊசியும். லண்டனில் 1997-ல் வெளியான ஆய்வில், ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 42 சதவிகிதம் பேருக்கும், இரண்டையும் சேர்த்து எடுத்தவர்களில் 71 சதவிகிதம் பேருக்கும் உயிருள்ள குழந்தை பிறந்தது.

தைராய்டு அடுத்தது. டி.எஸ்.ஹெச். அளவு கூடியிருந்தால் சரிசெய்தே ஆக வேண்டும். ஆனால், தைராய்டு சரியாக வேலை செய்து, ஆன்டிபாடி மட்டும் பாசிட்டிவாக இருந்தால்? அதற்கும் மாத்திரை கொடுப்பது வழக்கமாக இருந்தது. பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2019-ல் வெளியானது. மாத்திரை எடுத்தவர்களுக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் குழந்தை பிறந்த விகிதம் ஒன்றுதான், இரு தரப்பிலும் 37 சதவிகிதத்துக்குச் சற்று அதிகம். அவர்களுக்குத் தேவை கண்காணிப்பு மட்டுமே.

விந்தணுவுக்கு எதிரான ஆன்டிபாடியைப் பெண்ணிடம் தேடும் சோதனையை இப்போது வழக்கமாகச் செய்வதில்லை. முடிவு எதுவாக இருந்தாலும் சிகிச்சை மாறப்போவதில்லை என்பதே காரணம்.

இனி வருவதுதான் பர்ஸைக் காலிசெய்பவை. இரண்டு, மூன்று ஐ.வி.எஃப். தோற்றுப்போய் மனம் உடைந்திருக்கும் தம்பதியிடம், 'உங்க என்.கே. செல் அதிகமா இருக்கு, கருவைக் கொல்லுது' என்று சொன்னால் அவர்கள் எதற்கும் சம்மதிப்பார்கள். கையில் எடுக்கும் ரத்தத்தில் இருக்கும் என்.கே. செல்லும், கர்ப்பப்பையில் இருக்கும் என்.கே. செல்லும் குணத்தில் வேறுவேறு. கர்ப்பப்பையில் இருப்பது கருவைக் கொல்வதில்லை. நஞ்சுக்கொடிக்கான ரத்தக்குழாய்கள் உருவாக அது உதவுகிறது. இந்தச் சோதனையை நம்பிக் கொடுக்கப்படும் இன்ட்ராலிப்பிட் என்ற டிரிப், வாயால் சாப்பிட முடியாத நோயாளிகளுக்கு உணவாக ஏற்றும் சோயா எண்ணெய்க் கலவை. குழந்தைப்பேற்றுக்கு அது உதவுகிறது என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை.

கணவரின் ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களைப் பிரித்து மனைவிக்கு ஊசியாகப் போடும் சிகிச்சை இன்னும் வருத்தமானது. மனைவியின் உடம்பைக் கணவரின் அணுவுக்குப் 'பழக்கப்படுத்துவது' என்று விளக்குவார்கள், கேட்க நன்றாகத்தான் இருக்கும். தொடர் கருச்சிதைவு கண்ட பெண்களிடம் இதை முறையாகச் சோதித்த அமெரிக்க ஆய்வாளர்களின் முடிவு 1999-ல் வெளியானது. ஊசி போட்டவர்களில் 36 சதவிகிதம் பேருக்கே கர்ப்பம் நிலைத்தது. வெறும் உப்புநீர் போடப்பட்டவர்களில் 48 சதவிகிதம். 2002-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, ஆய்வுக்கென அனுமதி பெறாமல் இதைச் செய்யக் கூடாது என்று அறிவித்துவிட்டது. நம் நாட்டில் இன்றும் இதற்கு விளம்பரம் வருகிறது.

'டார்ச்' ரிப்போர்ட்டும் பூனையும்

ஒருமுறை கரு கலைந்ததும் டார்ச் டெஸ்ட் எழுதிக்கொடுப்பது நம் ஊர் வழக்கம். டாக்ஸோபிளாஸ்மா, ருபெல்லா, சைட்டோமெகலோ, ஹெர்பிஸ் ஆகியவற்றுக்கான ரத்தப் பரிசோதனை. ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் என்று சிவப்பு எழுத்தில் வந்ததும் வீட்டுப் பூனை தெருவுக்குப் போகும், மருமகள் 'கிருமி உள்ளவள்' ஆகிவிடுவாள்.

ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் என்றால், எப்போதோ வந்துபோன தொற்றை உடம்பு நினைவில் வைத்திருக்கிறது என்று பொருள். சின்ன வயதில் அம்மை வந்தவருக்கு அது திரும்ப வராததுபோல. ருபெல்லாவுக்கு ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் வந்தால் சந்தோஷப்பட வேண்டும், பாதுகாப்பு இருக்கிறது என்று அர்த்தம். திரும்பத் திரும்பக் கரு கலைவதற்கு இந்தத் தொற்றுகள் காரணமில்லை. கர்ப்ப காலத்தில் புதிதாக வந்தால்தான் இவை குழந்தையைப் பாதிக்கும். அந்த ஐ.ஜி.ஜி.யைக் 'குறைக்க' மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிடும் பெண்கள் இருக்கிறார்கள். அது குறையவும் செய்யாது, குறைய வேண்டிய அவசியமும் இல்லை.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஒரு வருடம் முயன்றும் கருத்தரிக்காவிட்டால் பரிசோதனைக்குப் போகலாம். 35 வயதைத் தாண்டியிருந்தால் ஆறு மாதம் போதும். டி.பி., கருக்குழாயில் கர்ப்பம், அப்பெண்டிக்ஸ் வெடித்து ஆபரேஷன் என்று பழைய வரலாறு ஏதாவது இருந்தால் அந்த ஆறு மாதம்கூட வேண்டாம்.

முதல் பரிசோதனை கணவரின் விந்தணுப் பரிசோதனையாக இருக்கட்டும். விலை குறைவு, வலி இல்லை, பிரச்னைகளில் ஏறக்குறைய பாதியில் ஆணின் பங்கும் இருக்கிறது. அதைச் செய்யாமலேயே மனைவிக்கு லேப்ராஸ்கோபி வரை போய்விடும் குடும்பங்கள் இன்னும் உண்டு. அடுத்து, குழாய் திறந்திருக்கிறதா என்று பார்க்கும் எச்.எஸ்.ஜி. மாதவிலக்கு நின்ற சில நாள்களுக்குள், கர்ப்பப்பைக்குள் மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே. சில நிமிடம் மாதவிலக்கு வலிபோல இருக்கும், முன்கூட்டியே வலி மாத்திரை கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அந்த நேரம் தொற்றோ காய்ச்சலோ இருந்தால் தள்ளிப்போட வேண்டும். இரண்டு குழாயும் அடைத்திருக்கும்போது ஐ.யு.ஐ. எத்தனை முறை செய்தாலும் பலன் இருக்காது, விந்தணுவும் முட்டையும் சந்திக்கும் இடமே மூடிக்கிடக்கிறதே! ஆகவே, ஐ.யு.ஐ.க்குப் பணம் கட்டும் முன் 'குழாய் பார்த்தாச்சா?' என்று கேட்டுவிட வேண்டும்.

குழாயில் நீர் கோத்திருப்பது தெரிந்தால், நேராக ஐ.வி.எஃப். போவதற்கு முன் அந்தக் குழாயை அகற்றவோ, கர்ப்பப்பையை ஒட்டி மூடவோ சொல்வார்கள். 'இருக்கிற குழாயையும் எடுக்கணுமா' என்று மனம் ஒப்பாது. தேங்கிய நீர் கர்ப்பப்பைக்குள் கசிந்து கருவைத் தங்கவிடாது, வெற்றி வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறையும் என்பதால்தான் அந்த யோசனை. ஐ.வி.எஃப். முறையே அடைபட்ட குழாயைச் சுற்றிக்கொண்டு போக உருவானது. 1978-ல் பிறந்த உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுனின் அம்மாவுக்கு இருந்த பிரச்னை கருக்குழாய் அடைப்புதான்.

'கர்ப்பப்பையைச் சுத்தம் பண்ணினா தங்கிடும்' என்று டி அண்ட் சி செய்வது பழைய பழக்கம். அதனால் கருத்தரிப்பு கூடுவதில்லை. கண்டுபிடிக்கப்படாத தொற்று உள்ளே இருந்தால், சுரண்டுவது நிலைமையை மோசமாக்கவும் கூடும்.

நோய் எதிர்ப்பு ஊசி எதையாவது பரிந்துரைத்தால் மூன்று கேள்விகள் கேட்கலாம். எந்த நோய் என்று உறுதியாகியிருக்கிறது? இதைப் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் குழந்தை பிறந்த விகிதத்தில் வித்தியாசம் இருக்கிறதா? போடாமல் அடுத்த முயற்சிக்குப் போனால் என்ன நஷ்டம்? நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். எல்லா ரிப்போர்ட்டுகளையும், பழைய டி.பி. சீட்டு இருந்தால் அதையும் தேதி வாரியாக ஒரே ஃபைலில் வைத்திருங்கள். மருத்துவரை மாற்றினாலும் அதே பரிசோதனைகளைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்காது.

ருபெல்லா ஐ.ஜி.ஜி. மட்டும் நெகட்டிவ் என்று வந்திருந்தால் கருத்தரிக்கும் முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். போட்ட பிறகு ஒரு மாதம் காத்திருந்து முயன்றால் போதும்.